பனியை வெள்ளையாகவும் விவரத்தோடும் படமெடுக்க: அளந்து பழகும் செய்முறை

கண்ணுக்குப் பளீரென்று தெரிந்த பனி, படத்தில் அழுக்குச் சாம்பலாக வந்து நிற்கும். கேமராவிலும் கோளாறில்லை, லென்ஸிலும் கோளாறில்லை. எதிரே எது இருந்தாலும் அதை நடுச்சாம்பலாக வைத்துக் கணக்குப் போடும்படிதான் உள்ளே ஒளியை அளக்கும் மீட்டர் அமைக்கப்பட்டிருக்கிறது. நடுச்சாம்பல் என்பது தன்மேல் விழும் ஒளியில் சுமார் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் பரப்பு. புதிதாக விழுந்த பனி 80 முதல் 90 சதவீதம் வரை திருப்பி அனுப்புகிறது. ஒளி ஒருமுறை இரட்டித்தால் அது ஒரு ஸ்டாப். 18 இரட்டித்தால் 36, அது இரட்டித்தால் 72. ஆக, மீட்டர் சொல்வதற்கும் பனியின் உண்மையான வெளிச்சத்துக்கும் நடுவே இரண்டு ஸ்டாப்புக்குக் கொஞ்சம் கூடுதலான இடைவெளி இருக்கிறது.

அந்த இடைவெளியை நாமே கையால் நிரப்ப வேண்டும். குறைவாக நிரப்பினால் சாம்பல். கூடிப்போனால் பனி வெற்றுத்தாள் போல் ஆகிவிடும். காற்று வரைந்த வரிகளும் காலடித் தடத்தின் விளிம்பும் அதோடு போய்விடும், எந்த மென்பொருளாலும் திரும்ப வராது. "பனி என்றால் ஒன்றரை ஸ்டாப் கூட்டு" என்று பொதுவாகச் சொல்வது தவறில்லை. ஆனால் உங்கள் கேமரா எதுவரை தாங்கும் என்று தெரியாமல் அந்த ஒன்றரையை நம்பிப் போவதில் அர்த்தமில்லை. அதைக் கண்டுபிடிக்கப் பனியே தேவையில்லை, ஒரு மேசையும் ஒரு ஜன்னலும் போதும்.

ஒத்திகை: உப்பும் துண்டும்

வேண்டியவை: அரைக் கிலோ தூள் உப்பு, கசங்கிய வெள்ளைத் துண்டு ஒன்று, கறுப்பு நிறத்தில் கைக்கடக்கமான ஏதாவது ஒரு பொருள், ட்ரைபாட் (இல்லாவிட்டால் புத்தக அடுக்கு). துண்டை மடிப்பு மடிப்பாக விரித்து, நடுவில் உப்பைக் குவியுங்கள். ஒரு பக்கத்தை விரலால் கீறி வரிகள் போட்டுவிடுங்கள். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் வர வேண்டும். அறை விளக்குகள் எல்லாம் அணைந்திருக்க வேண்டும். ஒரு பல்பு எரிந்தாலும் நிறம் இரண்டாகப் பிரிந்துவிடும்.

கேமராவை அபெர்ச்சர் பிரையாரிட்டியில் (லென்ஸ் துளையை நாம் வைக்க, ஷட்டர் நேரத்தைக் கேமரா வைக்கும் முறை) எஃப்/8, ஐஎஸ்ஓ 100, ஒயிட் பேலன்ஸ் 'டேலைட்', ரா (சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும் கோப்பு) மற்றும் ஜேபெக் இரண்டும் பதிவாகும்படி வையுங்கள். கேனானில் ஆட்டோ லைட்டிங் ஆப்டிமைசர், நிக்கானில் ஆக்டிவ் டி-லைட்டிங், சோனியில் டைனமிக் ரேஞ்ச் ஆப்டிமைசர் என்ற பெயர்களில் ஒரு வசதி இருக்கும். நிழலைத் தானாகத் தூக்கிவிடும் இந்த வசதி இருந்தால் நீங்கள் அளப்பது எதுவும் நம்பத்தக்கதாக இருக்காது, அணைத்துவிடுங்கள். மீட்டரிங்கை ஸ்பாட்டில் (ஒரு சிறு புள்ளியை மட்டும் அளக்கும் முறை) வைத்து, புள்ளியை உப்பின் வெளிச்சமான பக்கத்தில் நிறுத்துங்கள். ஷட்டர் மெதுவாகத்தான் இருக்கும். 2 நொடி டைமர் போட்டு எடுப்பது நல்லது.

இப்போது எக்ஸ்போஷர் காம்பென்சேஷன் (மீட்டர் சொல்லும் அளவுக்கு மேல் நாம் கூட்டும் அளவு) 0வில் தொடங்கி +3 வரை மூன்றில் ஒரு ஸ்டாப் வீதம் பத்துப் படங்கள்.

கணக்குப்படி பார்த்தால் 0வில் உப்பின் ஆர்ஜிபி மதிப்பு (0 கறுப்பு, 255 முழு வெள்ளை) 120ஐ ஒட்டி வரும். +1இல் 160 சொச்சம், +2இல் 220 சுற்று. கேமராவின் டோன் வளைவு ஜேபெக்கில் இதைக் கொஞ்சம் மேலே தள்ளும், அதனால் எண்கள் அச்சாகப் பொருந்தாது. பார்க்க வேண்டியது வேறு. கேமராத் திரையில் 'ஹைலைட் வார்னிங்' (வெளுத்துப்போன இடத்துக்கான எச்சரிக்கை) எந்தப் படத்தில் மினுக்கத் தொடங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ரா கோப்புகளைக் கணினியில் திறந்து, வெளிச்சத்தைக் குறைத்து, விரலால் கீறிய வரிகளில் உப்பின் மணிகள் எந்தப் படம் வரை தனித்தனியாகத் தெரிகின்றன என்று 100 சதவீதப் பெரிதாக்கத்தில் பாருங்கள். திரை எச்சரிக்கை ஜேபெக்கை வைத்துச் சொல்லப்படுவதால், ரா கோப்பு பெரும்பாலும் அதற்கு மேலும் அரை ஸ்டாப்போ ஒரு ஸ்டாப்போ தாங்கும். அந்த வித்தியாசம்தான் உங்கள் கேமராவின் கையிருப்பு. வெளியில் எவ்வளவு துணியலாம் என்பதை அது சொல்லும்.

இந்தச் சோதனையில் துண்டு லேசாக நீலம் தட்டும், உப்பு தட்டாது. சலவைத்தூளில் உள்ள வெண்மையூட்டிகள் புறஊதா ஒளியை வாங்கி நீலமாக உமிழ்வதுதான் காரணம். நிறத்தைச் சரிபார்க்க உப்பை மட்டும் நம்புங்கள்.

அடுத்து மீட்டரிங்கை முழுச் சட்டகத்தையும் அளக்கும் முறைக்கு மாற்றுங்கள். மேட்ரிக்ஸ், எவால்யுவேட்டிவ், மல்டி என்று ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு பெயர் வைத்திருக்கும். இந்த முறையில் கேமரா தானாகவே கொஞ்சம் ஊகித்துக்கொள்ளும், ஆகவே கூட்ட வேண்டிய அளவு குறையும், பெரும்பாலும் +0.7இலிருந்து +1.3க்குள் முடிந்துவிடும். இப்போது கறுப்புப் பொருளை உப்பின் பக்கத்தில் வைத்து, சட்டகத்தில் மூன்றில் ஒரு பங்கை அது அடைக்கும்படி எடுத்துப் பாருங்கள். வெளிச்சம் துளியும் மாறவில்லை, ஆனாலும் கேமரா எக்ஸ்போஷரை மாற்றியிருக்கும். பனிவெளியில் ஒரு மரம் சட்டகத்துக்குள் நுழைந்தாலும் இதுவேதான் நடக்கும். அங்கே மேனுவல் முறைக்குப் போவதற்கான ஒரே காரணம் இதுதான்.

வெளியில் அளக்கும் விதம்

மேனுவல், ஐஎஸ்ஓ 100, எஃப்/8 அல்லது எஃப்/11. ஆட்டோ ஐஎஸ்ஓ கட்டாயம் அணைந்திருக்க வேண்டும். அது இயங்கிக்கொண்டிருந்தால் நீங்கள் ஷட்டரை மாற்ற மாற்றக் கேமரா ஐஎஸ்ஓவை மாற்றி, உங்கள் திருத்தத்தை ஓசையில்லாமல் அழித்துக்கொண்டே இருக்கும். 'மேனுவலில் வைத்தும் சாம்பலாகத்தான் வருகிறது' என்று சொல்பவர்களின் கேமராவில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுவே.

ஸ்பாட் புள்ளியை, வெயில் படும் பனியில் வரிவடிவம் தெரியும் மிக வெளிச்சமான பகுதியில் வையுங்கள். கண்ணாடித்துகள் போலச் சுடரும் புள்ளிகளை விட்டுவிடுங்கள். அவை வெளுத்தால் வெளுக்கட்டும். மீட்டர் முள் +1.7க்கும் +2க்கும் நடுவே நிற்கும்வரை ஷட்டரைத் திருப்புங்கள். ஒரு படம் எடுத்து ஆர்ஜிபி ஹிஸ்டோகிராமை (இருட்டை இடப்பக்கமும் வெளிச்சத்தை வலப்பக்கமும் காட்டும் வரைபடம்) பாருங்கள். பனியின் மேடு வலப்பக்கம் ஒதுங்கி, ஆனால் ஓரத்தை முட்டாமல், அகலத்தில் பத்தில் ஒரு பங்கு இடம் விட்டு நிற்க வேண்டும். மூன்று நிறங்களையும் தனித்தனியாகப் பார்ப்பதில் காரணம் உண்டு. காலை, மாலைப் பொன்வெயிலில் சிவப்பு முதலில் நிரம்பும். நிழல் பனியில் நீலம் முதலில் நிரம்பும். வெள்ளை ஹிஸ்டோகிராம் ஒன்றை மட்டும் பார்த்தால் இது தெரியவே தெரியாது.

ஒருமுறை அமைத்துவிட்டால், வெளிச்சம் மாறாதவரை அதைத் தொட வேண்டாம். கேமராவை மரத்தின் பக்கம் திருப்புங்கள், மனிதர்கள் பக்கம் திருப்புங்கள், மீட்டர் என்ன கத்தினாலும் விட்டுவிடுங்கள். மேகம் வந்தால் மட்டும் மறுபடி அளந்துகொள்ளுங்கள்.

எண் சரிதானா என்று பார்க்க ஒரு பழைய குறுக்குவழி உண்டு. நல்ல வெயிலில் எஃப்/16, ஷட்டர் ஐஎஸ்ஓவின் தலைகீழ் (ஐஎஸ்ஓ 100 என்றால் 1/100 நொடி) என்பது ஃபிலிம் காலத்து விதி. பனிக்கும் கடற்கரை மணலுக்கும் எஃப்/22 என்று ஒரு ஸ்டாப் இறுக்கிச் சொல்வார்கள். ஐஎஸ்ஓ 100இல் அது எஃப்/11க்கு 1/400 நொடி, எஃப்/8க்கு 1/800 நொடி. உச்சி வெயிலில் உங்கள் எண் இதிலிருந்து இரண்டு ஸ்டாப் தள்ளி நின்றால் எங்கோ தவறு இருக்கிறது. முந்தைய இரவு வைத்த ஐஎஸ்ஓ அப்படியே இருக்கலாம், அல்லது ஸ்பாட் புள்ளி நிழலில் விழுந்திருக்கலாம்.

திரையின் தோற்றத்தைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. பனிவெளியின் கூச்சத்தில் திரை மங்கலாகத் தெரியும், அதைப் பார்த்துவிட்டு அளவுக்கு மீறி வெளிச்சம் ஏற்றுவோம். அந்தி சாய்ந்ததும் அதே திரை பளிச்சென்று இருக்கும், அப்போது குறைத்து எடுப்போம். திரையின் தானியங்கி வெளிச்சத்தை அணைத்து, நடு அளவில் நிறுத்துங்கள். பாலரைஸ்டு கூலிங் கிளாஸ் அணிந்திருந்தால் சில கோணங்களில் திரை கறுத்துப் போகும். திரை செத்துவிட்டது என்று பதற வேண்டாம், கேமராவைக் கொஞ்சம் சாய்த்துப் பாருங்கள்.

கைப்பேசியில் இவ்வளவு வேலையில்லை. பனியின் மேல் விரலை அழுத்திப் பிடித்து எக்ஸ்போஷரைப் பூட்டி, சூரியச் சின்னத்தை மேலே இழுங்கள். வரிவடிவம் மறையத் தொடங்கும் இடத்திலிருந்து சற்றுக் கீழே இறக்கி எடுங்கள். புரோ முறையில் ரா இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள்.

வரிவடிவத்தைக் கொடுப்பது ஒளியின் திசை

எக்ஸ்போஷர் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் பனி தட்டையாகத்தான் வரும். ஒவ்வொரு மேட்டின் நிழலும் அந்த மேட்டுக்குப் பின்னாலேயே ஒளிந்துகொள்வதால் மேடு எது, பள்ளம் எது என்று தெரியாது. சூரியன் அடிவானத்திலிருந்து 10, 15 டிகிரி உயரத்தில், உங்களுக்குப் பக்கவாட்டில் இருக்கும்போது அரை அங்குல மேடும் நிழல் போடும். குளிர்காலத்தில், அதுவும் துருவத்தை நோக்கிப் போகப் போக, சூரியன் நாள் முழுக்கத் தாழ்ந்தே போவது ஒரு வசதி. இந்த வெளிச்சம் காலை மாலையோடு முடிந்துவிடாது.

எதிர்வெயிலில் பனித்துகள்கள் மினுங்கும். எஃப்/16 வைத்தால் சூரியன் நட்சத்திரமாக விரியும். ஆனால் அந்தச் சிறிய துளையில் சென்சாரில் ஒட்டியிருக்கும் ஒவ்வொரு தூசியும் வெள்ளைப் பரப்பில் கரும்புள்ளியாகத் தெரியும். வேண்டிய இடத்தில் மட்டும் எஃப்/16, மற்றபடி எஃப்/8 போதும்.

மேகம் மூடிய நாளில் அகன்ற காட்சிகளை விட்டுவிடுவதே மேல். வானமும் தரையும் ஒன்றாகிக் கண் எங்கும் நிற்காது. அன்றைக்குக் கறுத்த பொருள்களைத் தேடிப் போங்கள்: மரத்தண்டு, வேலி, உறையாத ஓடை, ஒரு காகம். முகங்களை எடுக்கவும் அந்த நாள் அருமையானது. தரைப்பனி கீழிருந்து ஒளியைத் திருப்பி அனுப்புவதால் கண்களுக்கடியில் நிழல் விழாது, தனியாக ரிஃப்ளெக்டர் பிடிக்க ஆள் வேண்டியதில்லை.

பாலரைசர் ஃபில்டரைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பனிக்கட்டியின் பளபளப்பைக் குறைக்க அது உதவும், ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தை அதற்கு விலையாகக் கேட்கும். அகன்ற கோண லென்ஸில் போட்டால் வானத்தின் ஒரு பகுதி மட்டும் கருநீலமாகத் திட்டுப்படும். மலை உயரத்தில் வானம் ஏற்கெனவே ஆழ்ந்த நீலம், அங்கே முழுக்கத் திருப்பினால் கறுப்பே ஆகிவிடும்.

இன்னொன்று: நடப்பதற்கு முன் படமெடுங்கள். மிக அகன்ற காட்சியை முதலில் எடுத்துவிட்டு, சட்டகத்துக்கு வெளியே சுற்றி நடந்து நெருங்குங்கள். மிதித்த பனியை மீட்க வழியில்லை.

விழும் பனி

காற்றில்லாத நேரத்தில் உலர்ந்த பனித்திவலை நொடிக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் வேகத்தில் இறங்கும்; ஈரப்பனி இதைவிட வேகம். ஒரு மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 1/500 நொடியில் அது 2 மி.மீ. நகரும், 1/250இல் 4 மி.மீ., 1/60இல் 17 மி.மீ., 1/30இல் மூன்று சென்டிமீட்டருக்கு மேல். திவலைகள் புள்ளிகளாக நிற்க வேண்டுமானால் 1/250க்கு மேலே. கோடுகளாக விழ வேண்டுமானால் 1/30 முதல் 1/60. நடுவில் 1/125 வாக்கில் எடுத்தால் புள்ளியும் இல்லாமல் கோடும் இல்லாமல் குலைந்து போனது மாதிரி இருக்கும். காற்றடித்தால் இந்த எண்களை எல்லாம் ஒரு ஸ்டாப்பாவது வேகமாக்குங்கள். ஒளி போதாவிட்டால் ஐஎஸ்ஓவை 800, 1600 வரை தயங்காமல் ஏற்றலாம்.

ஷட்டரைவிட முக்கியம் பின்னணி. வெள்ளை வானத்தின் முன்னால் வெள்ளைத் திவலை தெரியாது. அடர்ந்த மரங்கள், இருண்ட சுவர், கறுப்பு மேலங்கி ஏதாவது பின்னால் இருக்க வேண்டும். 85 முதல் 200 மி.மீ. வரையிலான லென்ஸ் வைத்துத் தள்ளி நின்று எடுத்தால், உங்களுக்கும் காட்சிக்கும் நடுவே விழும் பனி எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு அடர்த்தியாகத் தெரியும். அகன்ற லென்ஸில் அதே பனி காணாமலே போகும்.

ஆட்டோஃபோகஸ் முன்னால் பறக்கும் திவலைகளைப் பிடிக்கப் போய் முன்னும் பின்னும் அல்லாடும். ஒற்றைப் புள்ளியை மரத்தண்டு போன்ற கெட்டியான விளிம்பில் வைத்து ஃபோகஸ் செய்து, லென்ஸ் ஸ்விட்சை மேனுவல் ஃபோகஸுக்குத் தள்ளிவிடுங்கள்.

ஃப்ளாஷ் பயன்படுத்தினால் லென்ஸுக்கு அருகே விழும் திவலைகள் பெரிய வெள்ளை வட்டங்களாக வரும். அது வேண்டுமென்றால் 1/32 சக்தியில் தொடங்கிப் பாருங்கள். முழுச் சக்தி கொடுத்தால் சட்டகம் முழுக்க வெள்ளைத் திட்டுகள்தான். ஃப்ளாஷைக் கேமராவிலிருந்து கழற்றிக் கை நீட்டிப் பிடித்தால் வட்டங்கள் குறையும். மெதுவான ஷட்டரோடு சேர்த்தால் ரியர் கர்ட்டன் சிங்க் வையுங்கள். ஃப்ளாஷ் கடைசியில் அடிப்பதால் கோடு மேலே, தெளிந்த திவலை அதன் கீழ்முனையில் நிற்கும், விழுவது போலவே இருக்கும். முதல் கர்ட்டனில் தலைகீழாகி, பனி மேல்நோக்கிப் போவது போல் தோன்றும்.

நீலம்

வெயில் படாத பனிக்கு ஒளி தருவது நீல வானம். அதனால் நிழல் நீலமாக விழுவது இயல்பு, பிழையில்லை. நேர்வெயிலுக்கு 5200 முதல் 5500 கெல்வின், மேகமூட்டத்துக்கு 6000 முதல் 6500, முழு நிழலுக்கு 7000 முதல் 8000 என்று வைத்தால் பனி நடுநிலை நிறத்துக்கு வரும். ஒரே சட்டகத்தில் வெயிலும் நிழலும் இருந்தால் வெயிலுக்கு வையுங்கள். மென்பொருளில் இருக்கும் ஒயிட் பேலன்ஸ் துளிசொட்டியைக் கொண்டுபோய் நிழல் பனியில் அழுத்துவதுதான் வழக்கமான தவறு. நிழல் வெள்ளையாகும், வெயில் படும் பனி மஞ்சளாகிவிடும். விடியற்காலையில் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் பனிமேல் விழும் இளஞ்சிவப்பைப் பிழை என்று எண்ணித் துடைத்துவிடும், அந்த நேரத்தில் டேலைட்டில் பூட்டுங்கள்.

குளிர் செய்யும் வேலைகள்

லித்தியம் அயன் பேட்டரி குளிரில் உள்தடை கூடி, இருக்கும் மின்னூட்டத்தைக் கொடுக்க முடியாமல் நின்றுபோகும். திரையில் காலி என்று வந்தாலும் உண்மையில் காலியில்லை. உள்சட்டைப் பையில் வைத்துச் சூடேற்றினால் மறுபடி ஓடும். குறைந்தது இரண்டு மாற்று பேட்டரிகளை உடலோடு ஒட்டி வைத்துச் சுழற்சியில் பயன்படுத்துங்கள். குளிர்ந்த பேட்டரியை உடனே சார்ஜரில் போடக் கூடாது; பூஜ்யத்துக்குக் கீழே சார்ஜ் செய்தால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து பேட்டரி நிரந்தரமாகக் கெடும்.

பேட்டரிக்குச் சரியானது கேமராவுக்குச் சரியில்லை. கேமராவை மேலங்கிக்குள் வைத்தால் உடலின் ஈரம் கண்ணாடியில் படிந்து, வெளியே எடுத்ததும் உறையும். வெளியிலேயே தொங்கட்டும். லென்ஸில் பனி விழுந்தால் வாயால் ஊதாதீர்கள், மூச்சு அங்கேயே உறைந்துவிடும். ரப்பர் ஊதியால் தட்டிவிடுங்கள். விரல்சூட்டில் துடைத்தால் உருகி மறுபடி உறையும். லென்ஸ் ஹூடைப் பகலிரவு எப்போதும் மாட்டியே வையுங்கள்.

ட்ரைபாட் கால்களை முழுக்க விரித்துப் பனியில் அழுத்தினால், கால்கள் புதையும்போது இன்னும் விரிய முயன்று மேல்மூட்டில் விரிசல் விழும். கொஞ்சம் குறுக்கி வைத்து அழுத்தினால் இறங்கும்போது தானாக விரிந்து நிற்கும். வேலை முடிந்ததும் கால்களை உள்ளே தள்ளுமுன் ஒட்டியிருக்கும் பனியைத் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பூட்டுக்குள் உறைந்து திறக்காது.

மிகப் பெரிய சேதம் நடப்பது வீட்டுக்குள் நுழையும் அந்த நிமிடத்தில். 22 டிகிரி வெப்பமும் 50 சதவீத ஈரப்பதமும் உள்ள அறையில், 11 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பொருளின் மேலும் நீர் படியும். மைனஸ் 10இல் இருந்து வரும் கேமராவில் லென்ஸுக்கு உள்ளேயும் சேர்த்தே படியும். வெளியிலேயே மெமரி கார்டையும் பேட்டரியையும் எடுத்துக்கொண்டு, கேமராவைக் காற்றுப்புகாத ஜிப் பையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி மூடி, பிறகு உள்ளே கொண்டுவாருங்கள். நீர் பையின் மேல் படியும், கேமராவின் மேல் படியாது. இரண்டு மணி நேரம் திறக்காதீர்கள். பெரிய டெலி லென்ஸ் என்றால் இன்னும் கூடுதலாக.

கணினியில்

முதலில் எக்ஸ்போஷரைத் திருத்தி, வெயில் படும் பனியை 235 முதல் 245க்குள் கொண்டுவாருங்கள். நிழல் பனி 150 முதல் 200க்குள் எங்கிருந்தாலும் சரி. லைட்ரூம் மென்பொருளில் ஆல்ட் விசையைப் பிடித்துக்கொண்டு ஒயிட்ஸை நகர்த்தினால் எந்தப் புள்ளி வெளுக்கிறது என்று கறுப்புத் திரையில் காட்டும். மினுங்கும் துகள்கள் மட்டும் தெரியும்போது நிறுத்துங்கள். ஹைலைட்ஸை மைனஸ் 30க்கு மேல் இழுக்காதீர்கள். இழுக்க இழுக்க விவரம் வருவது போலத் தோன்றும், ஆனால் பனி மறுபடியும் சாம்பலாகிக்கொண்டிருக்கும். களத்தில் கஷ்டப்பட்டுக் கொடுத்த இரண்டு ஸ்டாப்பும் இங்கே போய்விடும்.

டெக்ஸ்ச்சர் +10 முதல் +20, அதுவும் மாஸ்க் போட்டு வெயில் படும் பகுதிக்கு மட்டும். கிளாரிட்டியை ஏற்றினால் மரக்கிளைகளைச் சுற்றி வெளிறிய வளையம் விழும். நீலம் மிஞ்சினால் நீலத்தின் செறிவை 15 முதல் 25 வரை குறையுங்கள்; முழுக்க எடுத்துவிட்டால் நிழல் சிமெண்ட் நிறமாகும். கடைசியாக 100 சதவீதத்தில் சட்டகத்தின் ஓரங்களை ஒருமுறை சுற்றிவந்து தூசிப் புள்ளிகளை நீக்குங்கள்.

அச்சிடப் போகிறீர்கள் என்றால் 255ஐத் தொட்ட இடங்களில் மை விழவே விழாது, வெறும் காகிதம்தான் இருக்கும். பளபளப்புத் தாளில் அந்த இடம் தனியாகத் தெரியும். சுடரும் புள்ளிகளை விட்டுவிட்டு, பரந்த பனியை 245க்குள் நிறுத்தி, முழு அளவில் அச்சிடும் முன் ஒரு சிறிய துண்டை மட்டும் சோதனை அச்சு எடுத்துப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.